கைமாற்று

டர்பன் துறைமுகம், இரண்டாம் ஷிஃப்ட்.
இருபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
காலிடுக்கில் குனிந்து பார்த்தே
கழுத்து வளைந்துபோனவன் நான்.

முப்பது டன் பெட்டியைத் தூக்க டீசல் வேண்டும்.
இறக்குவதற்கென்ன, தானே இறங்கும் என்பார்கள்.
தானே இறங்கினால் தரை பிளந்துவிடும்.
பிடித்துப் பிடித்துத்தான் விடவேண்டும்.
அப்படிப் பிடிக்கையில்
மின்சாரம் தின்ற மோட்டாரே மின்சாரம் கக்கும்.
பதினோரு வருஷம் அதை
மேலே ஒரு கம்பிக்கூட்டில் எரித்துத் தள்ளினோம்.
ஜூலை இரவுகளில் அந்தச் சூட்டுக்கு
மைனாக்கள் வந்து உட்காரும்.
எங்கள் வீண்செலவில் குளிர்காய்ந்த ஒரே ஜாதி.

பிறகு யுகேந்திரி கோவெண்டர் வந்தாள்,
தோளில் கருவிப்பை, வாயில் சூயிங்கம்.
கிரேனின் காலடியில் ஓர் இரும்புப் பீப்பாயைப் பூட்டினாள்.
உள்ளே எஃகுச் சக்கரம்.
காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தாயிற்று,
உரச ஆள் இல்லை.
எடையைக் காந்தம் தாங்குகிறது.

"பேட்டரி மாதிரியா?"
"பேட்டரி மெதுவாச் சாப்பிடும்.
உங்க பெட்டி அரை நிமிஷத்துல இறங்கிடுது.
இது வர்ற வேகத்துலயே வாங்கும்,
கேக்குற வேகத்துலயே கொடுக்கும்.
ஆனா ரொம்ப நேரம் வச்சிருக்காது."

கைமாற்று, என்று நினைத்துக்கொண்டேன்.
வட்டியில்லை, பத்திரமில்லை,
பொழுது சாய்வதற்குள் திருப்பிவிட வேண்டும்.

கனத்தை இரட்டித்தால் இரண்டு பங்கு சேரும்,
வேகத்தை இரட்டித்தால் நான்கு.
இதைச் சொல்லும்போது மட்டும் சூயிங்கம் நின்றது.

முன்பு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில்
இப்படி ஒரு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டாளாம்.
மின்வெட்டு வந்தால்
டீசல் எழுந்து முகம் கழுவி வரப் பன்னிரண்டு விநாடி.
அந்தப் பன்னிரண்டையும் சக்கரம் சுமக்கும்.
அறுவை மேசையின் விளக்கு கண் சிமிட்டாது.
"உள்ள இருக்கிற டாக்டருக்கு ஒண்ணும் நடக்கலை.
ஒண்ணும் நடக்காம பாத்துக்கறதுதான் வேலை."

பீப்பாயில் காதை வைத்தேன்.
சத்தமில்லை; கடைவாய்ப் பல்லில் மட்டும் ஒரு ரீங்காரம்.
முழு வேகத்தில் அசையாமல் நிற்கும் பம்பரத்தைத்
தூங்குகிறது என்போமே, அந்தத் தூக்கம்.
நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றுத் தூக்கம்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, தென்மேற்குக் காற்று.
எஞ்சின் இருமி நின்றது.
லாரிக்கு மேலே பெட்டி தொங்குகிறது.
லாரிக்குள் டிரைவர் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
பிரேக் பிடித்தது. என் திரை அணையவில்லை.
சக்கரம் விழித்துக்கொண்டிருந்தது.
சாண் சாணாக இறக்கினேன்.
முள் சரியும் என்று பார்த்தால் ஏறுகிறது:
தன் இறக்குகூலியைத் தானே கட்டிக்கொண்டு
இறங்கியது பெட்டி.
டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.
ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் ஷிஃப்ட் பெக்கானியுடையது.
வேலைநிறுத்தத்தில் அவன் கேட்டுக்கு வெளியே நின்றான்,
நான் உள்ளே போனேன்.
மகளின் காலேஜ் ஃபீஸ் என்று
அன்று எனக்கு நானே சொன்ன காரணம்
இன்றும் காரணம்தான்.
இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.
ஏணியடியில் கடக்கும்போது
ஹெல்மெட்டுகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் என் கடைசிப் பெட்டியை
உச்சி அடுக்கிலிருந்து எடுத்து
இறக்கிவிட்டுத்தான் இறங்குகிறேன்.
முள் மேலேயே நிற்கும்.
அவன் ஏறி, நீளக் கால்களுக்காக
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி,
முதல் பெட்டியைத் தூக்கும்போது
எஞ்சின் உறுமாது.
யார் கொடுத்தது என்று எந்தத் திரையும் காட்டாது.

கால் மணி நேரத்துக்குள் அவன் தொடங்கிவிட வேண்டும்.
தாமதித்தால் சக்கரம்
கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும்.

நேற்று அவன்
பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து
ஏணியடியில் நின்றுகொண்டிருந்தான்.